படைக்குப் பேர் வைக்கிறவர்கள் வாருங்கள்: முதல் நாளே வைப்பீர்களா, ஜெயித்து வந்த பிறகா?

பாலாற்றுமணல் எழுதியது:

போன சனிக்கிழமை ராத்திரி ஒன்றரை மணிக்கு எக்ஸ்காம் 2 என்கிற கணினிப் போர் விளையாட்டில் என் சிப்பாய் விரிஞ்சிபுரம் செத்துப்போனான், அதிலிருந்து இந்தக் கேள்வி மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் காட்பாடி. என் படையில் எல்லாருக்கும் நம்ம பக்கத்து ஊர்ப் பேர்தான். முன்னால் நின்று அடி வாங்குகிற கிரனேடியருக்கு விரிஞ்சிபுரம், ஏனென்றால் விரிஞ்சிபுரம் மதிலழகு என்று கேட்டுக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். ஓர் இடத்தில் கிடந்தபடியே தூரத்து ஆளைச் சுடுகிற ஷார்ப்ஷூட்டருக்குப் பள்ளிகொண்டா. மேட்டில் ஏறி வேவு பார்க்கிறவள் வள்ளிமலை. ஓடிப்போய் வாளால் வெட்டுகிற ரேஞ்சர் ரத்தினகிரி. ஆடுவது அயர்ன்மேன் முறை, ஒரே சேமிப்பு, செத்தால் செத்ததுதான்.

அன்றைக்கு ஆண்ட்ரோமெடான் என்கிற கவசம் போட்ட வேற்றுக்கிரக எதிரி ஒன்றை வீழ்த்தினோம். ஆடினவர்களுக்குத் தெரியும், உள்ளே இருப்பது செத்த பிறகு வெளிக்கவசம் மட்டும் தானாக எழுந்து நடந்து வரும். எனக்கும் தெரியும்தான். தூக்கக் கலக்கத்தில் விரிஞ்சிபுரத்தை அதற்கு இரண்டு கட்டம் தள்ளி, பாதிச் சுவருக்குப் பின்னால் நிறுத்திவிட்டு என் முறையை முடித்துவிட்டேன். கவசம் எழுந்தது, ஒரே குத்து. 17 பணிக்குப் போய்த் திரும்பி வந்தவன். நினைவுச் சுவரில் அந்தப் பேரைப் பார்த்ததும் கணினியை அணைத்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை.

அறையில் கூட இருக்கிற நண்பன், முதல் நாளே பேர் வைப்பதுதான் தப்பு, பத்துப் பணி தாண்டி உயிரோடு வந்தால் அப்போது வை என்கிறான். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லவும் வரவில்லை. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

கஸ்பா_12 எழுதியது:

உன் நண்பன் சொல்வதுதான் சரி தம்பி. சிவிலைசேஷன் 6-ல் விளையாட்டே அப்படித்தான் வைத்திருக்கிறது, அனுபவம் சேர்த்துப் பதவி உயர்வு வாங்கின யூனிட்டுக்குத்தான் பேர் வைக்க விடும். அதுவரைக்கும் அது வெறும் ஈட்டிக்காரன்.

நான் அதிகம் ஆடுவது டோட்டல் வார் வார்ஹாமர். ஒரு சேனையில் 20 யூனிட் வரை. அதில் எட்டு யூனிட் ஒரே மாதிரி ஈட்டிக்காரர்கள் என்றால் யார் எங்கே அடி வாங்கினான், யாருக்கு அனுபவம் அதிகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்காகத்தான் பேர் வைக்கிறேன், அதுவும் வேலையை வைத்து. இடது ஓரம் காக்கிறவர்கள் ‘இடக்கை’, வலது ஓரம் ‘வலக்கை’, நடுவில் அசையாமல் நிற்கிற யூனிட் ‘நிலைக்கதவு’. சண்டை மும்முரத்தில் நிலைக்கதவு ஓடுகிறது என்று பார்த்தால் அடுத்த நொடி என்ன செய்ய வேண்டும் என்று கை தானாக முடிவு செய்துவிடும். பேர் ஒரு கருவி, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆசையாகப் பேர் வைத்தால் அவர்களைப் பின்னால் ஒளித்து வைக்கத் தொடங்கிவிடுவோம். பேர் இல்லாத புது ஆளை முன்னால் தள்ளுவோம், அவன் சாவான், பேர் வைத்தவனுக்கோ அனுபவமே ஏறாது. நானே இரண்டு படையெடுப்பை இப்படிக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தொரப்பாடி_தம்பி எழுதியது:

ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-ல் இருநூறு டிவிஷன் இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்தால் பொழுது விடிந்துவிடும் அண்ணா. நான் டிவிஷன் மாதிரிக்கு (டெம்ப்ளேட்டுக்கு) மட்டும் பேர் வைப்பேன், மலையில் சண்டை போடுகிற மாதிரிக்கு ‘ஜவ்வாது’, கடற்கரை காக்கிறதற்கு ‘தரங்கம்பாடி’. மற்றதெல்லாம் விளையாட்டு போட்ட எண்ணோடு கிடக்கும்.

என் குறை வேறு. தமிழில் பேர் அடித்தால் பல விளையாட்டுகளில் வெறும் கட்டம் கட்டமாக வருகிறது. சிலதில் எழுத்து வரும், ஆனால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். ‘வெற்றி’ என்று எழுதினால் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. ஆங்கில எழுத்தில் எழுதினால் வாழைப்பந்தல் என்ற பேரை எனக்கே படிக்க வரவில்லை.

சேண்பாக்கம் எழுதியது:

மென்பொருள் வேலையில் இருக்கிறேன், இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லலாம். கட்டம் வருவது எழுத்துருவில் தமிழ் இல்லாததால். கொம்பு இடம் மாறுவது அதைவிட ஆழமான சிக்கல். நாம் ‘வெ’ என்று எழுதினால் கணினி முதலில் வகரத்தையும் பிறகு கொம்பையும் சேமிக்கிறது, திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவர ஒரு தனி வேலை நடக்க வேண்டும். பல விளையாட்டு எஞ்சின்கள் அந்த வேலையைச் செய்வதில்லை, வந்த வரிசையில் அப்படியே வரைந்துவிடுகின்றன.

மூன்றாவது இடைஞ்சல், பேருக்கு இத்தனை எழுத்துதான் என்ற வரம்பு. ‘வில்லிகள்’ என்பது நமக்கு 5 எழுத்து. கணினிக்குப் புள்ளியும் கொக்கியும் தனித்தனி, ஆக 9. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் பைட்டாக எண்ணுகிற விளையாட்டாக இருந்தால் 27. அதனால்தான் சின்னப் பேர்கூடப் பாதியில் அறுந்துபோகிறது. எழுத்துருவை மாற்றுகிற மோட் (ஆடுகிறவர்களே செய்த மாற்றக் கோப்பு) போட்டால் முதல் சிக்கல் தீரும், மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். குறுகின பேராக வைப்பதுதான் இப்போதைக்கு வழி. கொம்பும் உகர, ஊகாரக் குறியும் இல்லாத பேர் என்றால் இன்னும் நல்லது: வள்ளி, ஆரணி. இவை பெரும்பாலும் உடையாமல் வரும்.

நடுகல்_தேடி எழுதியது:

பாலாற்றுமணல் தம்பி, உங்கள் கேள்விக்கு நம்ம மாவட்டத்திலேயே பழைய பதில் ஒன்று இருக்கிறது. நான் செங்கம் பக்கம், பழைய வட ஆற்காடு. வார விடுமுறைக்கு நடுகல் பார்க்கப் போவது எனக்குப் பல வருடப் பழக்கம். எங்கள் பக்கத்து நடுகற்கள் நிறையவும் பல்லவர் காலத்தவை, ஆநிரை கவர்ந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவர்களுக்கு எடுத்தவை. கல்லில் என்ன எழுதியிருக்கும் தெரியுமா? எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு, செத்தவன் யாருடைய ஆள், அவன் பேர், எதற்காகப் பட்டான். கடைசியில் ‘கல்’. அவ்வளவுதான் வாசகம். அகநானூறு 67-ஆம் பாட்டு இதைத்தான் ‘பெயரும் பீடும் எழுதி’ என்கிறது. பேர் முதலில், பெருமை அதன் பின்னால்.

எடுத்தனூர் நடுகல்லைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. எருமை மந்தையைக் காக்கப் போய்ச் செத்தவன் பேர் கருந்தேவக்கத்தி. அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது, அதற்கும் எழுத்து உண்டு: கோவிவன் என்னும் நாய், கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று. 1,400 வருடம் ஆகப்போகிறது. அந்த வீரனைக் கொன்றவன் பேர் நமக்குத் தெரியாது, நாயின் பேர் தெரிகிறது. முதல் தடவை அந்த வரியைப் படித்தபோது நான் அழுதுவிட்டேன், இப்போதும் நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

நான் ஆடுவது பேட்டில் பிரதர்ஸ். கூலிப்படை, ஆள் செத்துக்கொண்டே இருப்பான். அதில் இறந்தவர் பட்டியல் தனியாக ஒரு பக்கம் உண்டு, பேர், எத்தனை நாள் இருந்தான், எத்தனை சண்டை, எப்படிச் செத்தான் என்று. நடுகல் வாசகம் மாதிரியே இருக்கும். அதில் விளையாட்டு தானாகப் போட்ட பேரோடு ஒருவன் கிடப்பதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும், அதனால் சேர்த்த அன்றைக்கே பேர் வைத்துவிடுவேன். கருந்தேவக்கத்தி அன்றைக்குச் சாகப்போகிறான் என்று தெரிந்தா அவன் அம்மா பேர் வைத்தாள்?

கஸ்பா_12 எழுதியது:

அக்கா, கல் எடுத்தது செத்த பிறகுதானே? ஊரில் எத்தனையோ பேர் பேரோடு இருந்தார்கள், சண்டை போட்டவனுக்கு மட்டும்தான் கல். அப்படியென்றால் என் பக்கம்தான் வருகிறது. பேர் எல்லாருக்கும் இருக்கலாம், எழுதி வைப்பது சம்பாதித்தவனுக்கு.

கம்மவான்பேட்டை_பேரன் எழுதியது:

எங்கள் ஊரை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வேலூரிலிருந்து கண்ணமங்கலம் போகிற வழியில் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது மிலிட்டரியில் இருந்திருப்பார். என் தாத்தா மதராஸ் ரெஜிமெண்ட். அவருடைய டிரங்குப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, கறுப்புப் பெயின்ட் மேல் வெள்ளையில் எண், பேர், பட்டாலியன். பேர் பாதி அழிந்துவிட்டது. பட்டாலியன் பேரை மட்டும் ஒவ்வொரு பொங்கலுக்கும் அவரே மறுபடி வெள்ளை தடவிப் புதுப்பிப்பார். ஏன் தாத்தா உங்கள் பேரை எழுதவில்லை என்று கேட்டதற்கு, என்னை எல்லாருக்கும் தெரியும்டா, அது நான் போன பிறகும் இருக்கிறது, என்றார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே எல்லாரும் ஆளுக்குப் பேர் வைப்பதையும் படைக்குப் பேர் வைப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். எக்ஸ்காமில் பேர் ஓர் ஆளுக்கு, ஆள் போனால் பேரும் போகும். சிவிலைசேஷனில் பேர் படைக்கு. ஈட்டி பிடித்த படை துப்பாக்கிக்கு மாறி, பிறகு டாங்கி எதிர்ப்பு ஆயுதத்துக்கு மாறினாலும் அதே பேர் கூடவே வரும். அதில் இருக்கிற ஆட்கள் நூறு தலைமுறை மாறியிருப்பார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். என் ஆட்டத்தில் ‘தம்பிகள்’ என்று ஒரு படை எப்போதும் உண்டு. மதராஸ் சாப்பர்களை, அதாவது பாலம், பாதை போடுகிற பொறியியல் படையினரை, ராணுவத்தில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட பேர் இல்லை, மற்றவர்கள் பாசமாகக் கூப்பிட்டு நின்றுபோன பேர்.

கோட்டைவாசல் எழுதியது:

பேரன் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலூர்க் கோட்டைக்குத் தினமும் காலையில் நடக்கப் போகிறவன் நான். 1806 ஜூலை 10, வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி, எல்லாருக்கும் தெரியும். புதுத் தலைப்பாகை, தாடி மீசைக் கட்டுப்பாடு, நெற்றியில் குறி வைக்கக் கூடாது, இந்த உத்தரவுகளால் மூண்டது. கோட்டைக்குள் இருந்த மதராஸ் பட்டாலியன்கள் மூன்று. 1-ஆம் ரெஜிமெண்டின் இரண்டு பட்டாலியன், 23-ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாலியன். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி 19-ஆம் டிராகூன் குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டான். அப்புறம் நடந்த கொலைகளையும் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டதையும் இங்கே எழுத வேண்டியதில்லை.

இந்த இழைக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. அந்த மூன்று பட்டாலியனையும் கலைத்தார்கள். அதோடு விடவில்லை. 1, 23 என்ற இரண்டு எண்களையும் படைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு 24, 25 என்று புது எண் கொடுத்தார்கள். மதராஸ் படையில் முதல் எண் என்பது மூத்த பிள்ளை மாதிரி, அணிவகுப்பில் நிற்கிற இடமே வேறு. அந்த எண்ணை அடித்தது தண்டனைக்கு மேல் தண்டனை.

1817 நவம்பர் 26, 27. நாக்பூருக்குப் பக்கத்தில் சீதாபல்டி என்ற இரண்டு சின்னக் குன்றுகள். பல மடங்கு பெரிய போன்ஸ்லே (நாக்பூர் மராத்திய அரசர்) படையை எதிர்த்து ராத்திரி முழுக்க நின்றவர்களில் 24-ஆம் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனும் உண்டு. சேதம் கடுமை. பிறகு என்ன வேண்டும் என்ற பேச்சு வந்தபோது அவர்கள் கேட்டது பழைய எண்ணை. கொடுத்தார்கள். 24 மறுபடி 1 ஆனது.

யாருக்காகச் சண்டை போட்டார்கள் என்பது வேறு கேள்வி, அதில் எனக்கும் மனவருத்தம் உண்டு. வேலூரில் கம்பெனிக்கு எதிராக எழுந்த எண், சீதாபல்டியில் கம்பெனிக்காகச் செத்துத் திரும்பி வந்தது. ஆனாலும் வேலூருக்குப் பிறகு 11 வருடம் கழித்து, உயிரோடு மிஞ்சினவர்கள் காசு, நிலம் எல்லாவற்றையும் விட்டு ஓர் எண்ணைக் கேட்டார்கள் என்பதைப் படித்த நாளிலிருந்து, விளையாட்டில்கூட நான் எந்தப் படையின் எண்ணையும் மாற்றுவதில்லை. விளையாட்டு போட்ட ‘1-ஆம் காலாட்படை’ என்ற வெறும் எண் போதும் எனக்கு. தொரப்பாடித் தம்பி ‘எண்ணோடு கிடக்கும்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தொரப்பாடி_தம்பி எழுதியது:

சார், நான் பிறந்ததே வேலூர், கோட்டையில் எத்தனை தடவை சுற்றியிருக்கிறேன், இந்த எண் கதை யாரும் சொன்னதில்லை. மன்னிக்க வேண்டும். இனிமேல் எண்ணைத் தொட மாட்டேன், மாதிரிக்கு மட்டும் பேர்.

ஆம்பூர்_ரயிலடி எழுதியது:

நான் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு வரைபடம் செய்கிறவன். அதில் ஆடும்போது யூனிட்டுக்குப் பேர் வைக்க முடியாது, எண் விசையில் குழு போட்டுக்கொள்ளலாம், அவ்வளவே. ஆனால் காட்சி அமைக்கும் இடத்தில், நடுவிலேயே ஒரு யூனிட்டின் பேரை மாற்றுகிற டிரிகர் இருக்கிறது. அதை வைத்து இரண்டு மாதமாகத் தக்கோலம் போர் செய்துகொண்டிருக்கிறேன். தக்கோலம் நம்ம அரக்கோணம் பக்கம்தான். 949-ல் ராஷ்டிரகூடர் மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த போர், முதலாம் பராந்தகன் மகன் இராசாதித்தன் யானை மேலேயே உயிரை விட்டான். இந்த விளையாட்டுக்கு 2022-ல் வந்த திராவிடர் நாகரிகத்தில் குதிரைப்படை பலவீனம், யானை வில்லாளர் பலம், அதனால் ஆட்டம் இயல்பாகவே பொருந்துகிறது.

சோழர்கள் அவனை அதற்கப்புறம் எப்படிச் சொன்னார்கள்? ‘யானைமேல் துஞ்சின தேவர்’. அவன் தம்பி அரிஞ்சயன் ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’, அவருடைய பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில், திருவலத்துக்குப் பக்கத்தில் மேல்பாடியில் இருக்கிறது. செத்த இடமே பேராகிவிட்டது. மெடீவல் 2 விளையாட்டில் தளபதிகளுக்கு அவர்கள் நடத்தையைப் பார்த்து விளையாட்டே அடைமொழி சேர்க்கும், பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி என் வரைபடத்தில் அவன் விழுந்ததும் யானை மட்டும் களத்தில் நிற்கும், அதன் பேர் மாறும். அந்த ஒரு மாற்றத்துக்காக நான்கு ராத்திரி உட்கார்ந்தேன்.

படைகளுக்குத் தஞ்சைக் கல்வெட்டுப் பேர்களை எடுத்தேன், ‘பண்டிதசோழத் தெரிந்த வில்லிகள்’ மாதிரி. தெரிந்த என்றால் பொறுக்கி எடுத்த என்று பொருள். இராசராசன் காலத்துப் பேர் அது, தக்கோலத்துக்கு 50 வருடத்துக்கும் மேல் பிந்தியது, அது தெரிந்துதான் வைத்தேன், கல்வெட்டுக்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

நடுகல்_தேடி எழுதியது:

காலம் முன்பின் ஆனால் பரவாயில்லை, முன்னுரையில் ஒரு வரி சொல்லிவிடுங்கள். இன்னொன்று, தக்கோலத்தில் இராசாதித்தனைக் கொன்ற கங்க அரசன் பூதுகனைப் பற்றிச் சொல்கிற ஆதகூர்க் கல்லிலும் ஒரு நாய் இருக்கிறது! காளி என்று பேர், காட்டுப்பன்றியோடு சண்டை போட்டுச் செத்தது. முடிந்தால் வரைபடத்தின் ஓரத்தில் எங்கேயாவது அதை நிறுத்துங்கள்.

கஸ்பா_12 எழுதியது:

ரயிலடி, ‘தெரிந்த வில்லிகள்’ என்பதைக் கவனித்தீர்களா? பொறுக்கி எடுத்த பிறகுதான் பேர். நான் அதையேதான் முதலிலிருந்து சொல்கிறேன். ஆனால் கோட்டைவாசல் சார் எழுதினதைப் படித்த பிறகு, பேர் வெறும் கருவி என்று நான் எழுதின வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கருவிக்காக யாரும் அப்படி நிற்க மாட்டார்கள்.

சேண்பாக்கம் எழுதியது:

ஒரு சின்ன விஷயம். உயிரோடு இருக்கிறவர்கள் பேரைச் சாகப்போகிற சிப்பாய்க்கு வைக்காதீர்கள். ஒரு தடவை என் தங்கை பேரை வைத்திருந்தேன், அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், திரையில் அந்தப் பேர் விழுந்ததும் கோலப்பொடி டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, இனிமேல் இந்த வீட்டில் இப்படி ஆடக் கூடாது என்றார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஊர்ப் பேர் வைப்பது நல்ல வழி.

பாலாற்றுமணல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாள் கழித்து வருகிறேன், அதற்குள் இவ்வளவு. கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது, யாராவது ஒருவர் சொன்னது முழுசாக இல்லை. ஊர்ப் பேரை முதல் நாளே வைக்கிறேன், அக்கா சொன்ன மாதிரி. எக்ஸ்காமில் பட்டப்பேருக்குத் தனி இடம் இருக்கிறதே, அதை மட்டும் காலியாக விட்டு, சம்பாதித்த பிறகு எழுதப்போகிறேன், அது கஸ்பா அண்ணனுக்காக. பேரன் சொன்னதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. விரிஞ்சிபுரம் என்பது ஆளா, இடமா? மதில் அங்கேயேதானே நிற்கிறது.

நேற்று ராத்திரி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். புதிதாக வந்த பயலை கிரனேடியராகப் பயிற்சிக்கு அனுப்பி, விரிஞ்சிபுரம் என்றே பேர் வைத்தேன். முதல் பணியில் மூன்று தடவை சுட்டு மூன்றும் தவறினான், ஆனால் வள்ளிமலை அடிபட்டுக் கிடந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு வண்டி வரைக்கும் வந்து சேர்ந்தான். பட்டப்பேர் இடம் இன்னும் காலி. பழையவனுக்கு ஒரு நோட்டில் அக்கா சொன்ன கல்வெட்டு வரிசையிலேயே எழுதி வைத்தேன்: எத்தனையாவது மாதம், யாருடைய ஆள், பேர், எதற்காகப் பட்டான். கடைசியில் ‘கல்’ என்றும் எழுதினேன்.

ரயிலடி அண்ணா, தக்கோலம் வரைபடம் எப்போது கிடைக்கும்?

ஆம்பூர்_ரயிலடி எழுதியது:

நாய்க்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏற்றிவிடுகிறேன்.